மூன்றாவது பெட்டியின் தலைவலி வைத்தியர்

தலைவலியில் எத்தனை வகை என்று படித்த டாக்டர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். தலைவலிக்கு வைத்தியம் சொல்கிறவர்களை மட்டும் இதுவரை யாரும் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கினால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் போதாது. ஆகவே, வாசகரே, அந்த இனத்திலிருந்து ஒரே ஒருவரை இன்று உங்கள் முன் நிறுத்துகிறேன். மருத்துவம் படிக்காதவர், ஆனால் யார் தலையையும் விட்டுவைக்காதவர். நீங்கள் 'தலை' என்று ஆரம்பித்து 'வலி' என்று முடிப்பதற்குள் உங்கள் கையில் எதையாவது வைத்து அழுத்திவிடுகிறவர். இதை எழுத உட்காரும்போது எனக்கும் காலையிலிருந்து தலைவலி. வலது பக்கம் மட்டும். அதை விடுங்கள், நம் ஆளைப் பார்ப்போம்.

பெயர் தமிழ்மணி. வயது ஐம்பத்து நான்கு. வீடு கடலூரில், ஆபீஸ் சிதம்பரத்தில். எனக்கும் அதே ஊர், அதே ஆபீஸ், அதே காலை ரயில். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்பதால் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான்; உறவெல்லாம் சீசன் டிக்கெட் வாங்கித் தந்த உறவுதான். எங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் வண்டி நிற்பதற்கு முன்பே மூன்றாவது பெட்டியின் சன்னல் வழியாக ஒரு நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப் உள்ளே வந்து விழும். அது விழுந்த இடம் அவர் இடம். பின்னாலேயே அவரும் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற எட்டுப் பத்துத் தலைகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். எந்தத் தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது? எந்தக் கை நெற்றிப் பொட்டைத் தடவுகிறது? கொட்டாவி விட்டவன் தப்பமாட்டான்.

மடியில் ஒரு ஜிப் பை. என்றைக்கோ ஒரு காப்பீட்டு ஏஜெண்ட் இனாமாகக் கொடுத்தது. அதற்குள் பச்சைத் தைலம், மஞ்சள் தைலம், பெயர் அழிந்துபோன ஒரு தைலம், மூக்கில் வைத்து உறிஞ்சும் குச்சி, காகிதத்தில் மடித்த சுக்குப் பொடி, நாலைந்து மாத்திரை அட்டைகள், அந்த அட்டைகளை வெட்ட ஒரு குட்டிக் கத்தரிக்கோல். அந்த வெட்டு இருக்கிறதே, அது தனிக் கலை. மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையோடு அவரிடமே தங்கிவிடும். நம் கைக்கு வெறும் வெள்ளித் தகடு வரும்.

"இது என்ன மாத்திரைங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்ல மாத்திரை," என்றார்.

டாக்டர்களின் பட்டியல் அவருக்குப் பிடிக்காது. அவர் அகராதியில் உலகத்துத் தலைவலி எல்லாம் நாலே நாலுதான்: தலையில் நீர் கோத்தது, வயிற்றில் கேஸ், உடம்பில் சூடு, கண்ணாடியில் பவர். எந்தத் தலைக்கு எது என்பது ஆலப்பாக்கம் ஸ்டேஷனுக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் முடிவாகிவிடும். அதற்கு நோயாளியின் ஒத்துழைப்பு தேவையில்லை. இலக்கியா என்று ஒரு பெண் எங்களோடு வருவாள், சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. ஒரு ஜூன் மாதம் அவள் மாட்டிக்கொண்டதைக் கேளுங்கள்.

"சார், ரெண்டு நாளா நெத்தியச் சுத்தி கயிறு கட்டி இறுக்கற மாதிரியே…"

"தலைக்குக் குளிச்சியாம்மா?"

"குளிச்சேன் சார், ஆனா…"

"நீர் கோத்துக்கிச்சு."

"இல்ல சார், அட்மிஷன் நேரம், வேலை ஜாஸ்தி. நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல குனிஞ்சே…"

"குனிஞ்சா நீர் முன்னாடி எறங்கத்தாம்மா செய்யும்!"

அந்தப் பெண்ணின் கையில் ஒரு மாத்திரை வந்து விழுந்தது. வாங்கி விழுங்கிவிட்டாள்.

சரி, வலி தனக்குக் கொஞ்சம் பெரிது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. பள்ளிக்கூட வாத்தியார் ஆரோக்கியராஜ் ஒருநாள், "நேத்து வலியில கண்ணே தெரியல," என்று வாய் தவறிச் சொன்னார். தமிழ்மணி சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "இதெல்லாம் ஒரு வலியா வாத்தியாரே? தானே புயலப்போ எனக்கு ஒண்ணு வந்துச்சு. ஊரே கரண்டு இல்லாம கெடக்குது. மரம் விழுந்த சத்தம் எது, என் தலைக்குள்ள கேக்கற சத்தம் எதுன்னு பிரிக்க முடியல!" வாத்தியார் தன் தலைவலிக்காக எல்லோர் முன்னிலும் வெட்கப்பட்டு, சன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

மருந்து கொடுத்து முடித்ததும் ஒரு வாக்கியம் வரும். "வெள்ளாறு தாண்டறதுக்குள்ள போயிடும்." பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவில் ரயில் வெள்ளாற்றைத் தாண்டும். பாதித் தலைவலிகள் உண்மையிலேயே அதற்குள் போய்விடும். சன்னல் காற்று பட்டாலும், கொஞ்சம் கண்ணை மூடி உட்கார்ந்தாலும், சும்மா விட்டாலும் போய்விடுகிற ரகம் அவை. ஆனால் பெயர் யாருக்கு? பாலத்தின் மேல் வண்டி தடதடக்கும்போது அவர் நோயாளியைப் பார்த்துப் புருவத்தை ஒருமுறை உயர்த்துவார். நோயாளி தலையை ஆட்டித்தான் ஆகவேண்டும். ஆட்டினால் வலிக்கிறது என்றாலும் ஆட்ட வேண்டும்.

இவ்வளவையும்விட அவருக்குப் பெரிய பெருமை ஒன்று உண்டு. அதை வாரத்துக்கு ஒருமுறையாவது பெட்டிக்குள் அறிவிப்பார்.

"எங்க வீட்ல லோகநாயகிக்கு முன்னெல்லாம் மாசத்துக்கு மூணு தடவ வரும். வந்தா ரெண்டு நாள் எழுந்திருக்க மாட்டா. எல்லா டைப் வைத்தியமும் நாந்தான் பாத்தேன். இப்ப அஞ்சு வருஷமா தலைவலின்னு ஒரு வார்த்தை அவ வாயிலேர்ந்து வந்ததில்ல. கேட்டுப் பாருங்க!"

லோகநாயகி அவர் மனைவி. நாங்கள் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

இனி, பெட்டியில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம். வண்டி அடுத்த ஸ்டேஷனான முதுநகரை விட்டதும் தமிழ்மணி ஒருமுறை எழுந்து கை கழுவும் தொட்டிப் பக்கம் போவார். கை அழுக்காக இருக்கிறது போல என்றுதான் பல மாதம் நினைத்தேன். ஒருநாள் பின்னால் போனவன் பார்த்தேன்: வாயில் இரண்டு மாத்திரை, அண்ணாந்து தண்ணீர். என்னைக் கண்டதும் விக்கினார். தினமும் விடியும்போதே அவருக்குத் தலைவலி. எழுந்ததும் ஒன்று, ரயிலில் இரண்டு, மதியம் ஒன்று, சில நாள் சாயந்தரமும். எத்தனையோ தடவை வெள்ளாறு தாண்டியாகிவிட்டது. வலி மட்டும் இறங்குவதாயில்லை. மூன்றாவது பெட்டியின் வைத்தியருக்கே ஓயாத தலைவலி என்று வெளியே தெரிந்தால் அந்த ஜிப் பையின் கதி என்ன?

"மச்சான், வெளிய சொல்லிடாத," என்றார்.

"ஒரு நல்ல டாக்டரப் பாருங்க மாமா."

"கடலூர்ல பாத்தா லோகநாயகிக்குத் தெரிஞ்சிடும். சிதம்பரத்துலயே ஒரு எடம் இருக்குது. பர்மிஷன் போட்டுட்டு நீயும் கூட வா."

ஒரு புதன்கிழமை போனோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தமிழ்மணி மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார், தொப்பி ஒன்றும் வைத்துக்கொண்டார். டோக்கன் பத்தொன்பது. பெஞ்சில் உட்கார்ந்தோம். தன் தலைவலிக்காக வந்த மனிதர் ஐந்து நிமிடம் சும்மா இருந்தார் என்றால் அது அன்றைய சாதனை. ஆறாவது நிமிடம் என் விலாவில் இடித்தார்.

இரண்டு வரிசை தள்ளி, சுவர்ப் பக்கமாகத் திரும்பி ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மாஸ்க், நெற்றியில் இறுக்கிக் கட்டிய துண்டு. ட்யூப் லைட் வெளிச்சம் படாமல் இருக்க முந்தானையைக் கண்வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், வாந்தி வந்தால் பிடிக்க.

"பாத்தியா மச்சான்? வெறும் கேஸ். இதுக்குப் போயி டோக்கன் போட்டு உக்காந்திருக்குது."

"மாமா, நாம வந்த வேலை…"

எங்கே கேட்டார்? கை பைக்குள் போய்விட்டது. கத்தரிக்கோல் நறுக்கென்றது. அந்த அம்மாள் பக்கத்தில் போய்க் குனிந்து, வெள்ளித் தகட்டை நீட்டி, பெட்டிக்குள் பேசுகிற அதே கனிவான குரலில், "அம்மா, இதப் போடுங்க. அர மணி நேரத்துல போயிடும். கேஸ்தான்," என்றார்.

முந்தானை விலகியது. ஒரு கண் மட்டும் பாதி திறந்தது.

"இங்கயுமாங்க?"

லோகநாயகி!

கட்டின மனைவியைக் கிட்டப் போயும்கூடவா தெரியவில்லை என்று கேட்காதீர்கள். வலிக்கிறவர்களின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் நம் வைத்தியருக்கு எப்போது இருந்தது? மாத்திரையை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கடலூரில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் கணவருக்கு அங்கே ஒரு சிநேகிதர் இருப்பார், விஷயம் சாயந்தரமே வீட்டுக்கு வந்துவிடும் என்று பயந்து, ரயிலில் போனால் அவர் ஆட்கள் பார்ப்பார்கள் என்று பஸ் ஏறி, இவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறார் அந்த அம்மாள். அவருக்குத் தெரியாமல் இவர், இவருக்குத் தெரியாமல் அவர். நான் நடுவில் நின்றுகொண்டு சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீசைக் கவனமாகப் படித்தேன்.

டோக்கன் பதினேழு அந்த அம்மாளுடையது. தமிழ்மணியும் உள்ளே நுழைந்துவிட்டார். எங்கள் டோக்கன் நெருங்கிவிட்டதால் நான் கதவருகே நின்றேன். அந்தக் கதவு சாத்தாத கதவு. டாக்டர் சுவேதாவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். முதல் வேலையாக எழுந்து போய் மேசைக்கு மேலே இருந்த லைட்டை அணைத்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் வலிக்குதும்மா? குத்துதா, துடிக்குதா, இறுக்குதா? எவ்வளவு நேரம் இருக்கும்? வாந்தி வருமா? சத்தம் கேட்டா பிடிக்குதா? எத்தனை வருஷமா?

"பதினெட்டு வருஷம்ங்க. இடது பக்கம் விண்ணு விண்ணுனு துடிக்கும். வெளிச்சம் ஆவாது. குக்கர் விசில் ஆவாது. வாந்தி எடுத்தாக் கொஞ்சம் அடங்கும். ரெண்டு நாளு…"

"அது வந்து டாக்டர்," என்று நம்மவர் ஆரம்பித்தார், "தலையில நீர் கோத்து…"

"சார், தலை உங்களுக்கா வலிக்குது?"

"இல்ல… ஆமா."

"உங்க டோக்கன் வரட்டும்." திரும்பவும் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். "பதினெட்டு வருஷமா வீட்ல யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"முன்னெல்லாம் சொல்லுவங்க. சொன்னா வைத்தியம் பண்ணிடுவாரு."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை இன்றைக்கு லீவு என்கிற மாதிரிச் சொன்னார். இரண்டு மாதம் தலைக்குக் குளிக்கவிடாமல் வைத்திருந்தது, பூண்டை அரைத்துப் பற்றுப் போட்டு நெற்றி வெந்துபோனது, மூன்று முறை கண்ணாடி மாற்றியது, ஆவி பிடிக்கப் போய் மயங்கி விழுந்தது, எல்லாவற்றையும் அதே குரலில் சொன்னார். "அதுக்கு வலியே தேவலான்னு, அஞ்சு வருஷமா சொல்றதில்லங்க. துண்டக் கட்டிக்கிட்டு இருட்டுல உக்காந்துடுவேன். கேட்டா சீரியல் பாத்துக் கண்ணு எரியுதுன்னுடுவேன்."

ரயிலில் வாராவாரம் அறிவிக்கப்பட்ட அந்த ஐந்து வருட சாதனை இதுதான், வாசகரே.

"இப்ப மட்டும் எதுக்கும்மா தனியா கெளம்பி வந்தீங்க?"

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பிளாஸ்டிக் கவரை மடித்துக்கொண்டே இருந்தார். "மூளையில கட்டியா இருக்குமோன்னு பயம்ங்க. ரொம்ப வருஷமா. பொண்ணு இளமதி இப்பதான் கடைசி வருஷம் படிக்குது. அது ஒரு வேலைக்குப் போற வரைக்குமாவது இருப்பனான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தமிழ்மணி தொப்பியைக் கழற்றினார். ஒரே வீட்டில், பக்கத்துப் பாயில், இந்தப் பயம் வருடக்கணக்காகப் படுத்திருக்கிறது. புதுச்சத்திரம் வருவதற்குள் பத்துத் தலைக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிற மனிதருக்கு அது தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்திலேயே என் வீட்டு நினைவும் வந்தது, அதனால் கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கையை நீட்டுங்க, காலைத் தூக்குங்க, நேரா நடங்க என்றார். பிறகு உட்காரவைத்துச் சொன்னார்: "கட்டிக்கான அறிகுறி எதுவும் இல்லம்மா. இது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன்னு சொல்றது. நம்ம ஊர்ல நெறைய பொம்பளைங்களுக்கு இருக்குது. வலி ஆரம்பிச்ச உடனே போட ஒரு மாத்திரை தரேன், அடிக்கடி வராம இருக்க இன்னொண்ணு தரேன். நேரத்துக்குச் சாப்பிடணும், நேரத்துக்குத் தூங்கணும். என்னிக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு காலண்டர்ல குறிச்சுட்டு வாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. என்னிக்காவது திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி பயங்கரமா வந்தா, காய்ச்சலோட கழுத்து வெறச்சா, கை கால் மரத்துப்போனா, பேச்சு குழறினா, அன்னிக்கு இந்த ஓபில வந்து டோக்கன் போடாதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க."

லோகநாயகி அழுதார். கட்டி இல்லை என்பதற்காக மட்டும் அழுத மாதிரித் தெரியவில்லை. 'எந்தப் பக்கம் வலிக்குது' என்று பதினெட்டு வருடத்தில் ஒருவர் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார்.

டோக்கன் பத்தொன்பது வந்தது.

"மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுவீங்க சார்?"

"மாசத்துல முப்பது நாளுதானே டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை வருஷமா?"

"மூணு, நாலு…"

"மாத்திரை போடறதுனாலயே வர்ற தலைவலி சார் இது. மாசத்துல பாதி நாளுக்கு மேல போட்டா தலை அதுக்கே பழகிடும். மருந்து எறங்கினா வலி ஏறும், வலி ஏறினா நீங்க போடுவீங்க. நிறுத்தணும். மொத ரெண்டு வாரம் இன்னும் மோசமா இருக்கும், தாங்கிக்கணும். ரத்தப் பரிசோதனை ஒண்ணு பண்ணிடுவோம், கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"மருந்து எதுவும் எழுதலியே டாக்டர்?"

"எழுதாததுதான் சார் உங்களுக்கு வைத்தியம்."

யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தவருக்கு, கையில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிற ஒரு வைத்தியம்!

நல்லவேளையாகக் கிட்னி பிழைத்தது. அடுத்த இரண்டு வாரம் மூன்றாவது பெட்டியில் நடந்ததுதான் வேடிக்கை. ஜிப் பை இல்லாமல், கண் சிவந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் மனிதர். சும்மா விடுவார்களா அவர் சீடர்கள்? ஆரோக்கியராஜ் தன் பையிலிருந்து ஒரு தைலத்தை எடுத்தார். இலக்கியா உண்மையான அக்கறையோடு, "தலைக்குக் குளிச்சீங்களா சார்?" என்றாள்.

"குளிச்சேம்மா, ஆனா…"

"நீர் கோத்துக்கிச்சு சார். வெள்ளாறு தாண்டறதுக்குள்ள போயிடும்."

தமிழ்மணி என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

அதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது. மூன்றாவது வாரம் வலி விட்டது. நாலாவது வாரம் கர்ச்சீப் பழையபடி சன்னல் வழியாக வந்து விழுந்தது. பையைக் காணோம், வாய் இருந்தது. இப்போது யார் நெற்றியைத் தொட்டாலும், "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை?" என்று ஆரம்பித்துவிடுகிறார். பதில் வருவதற்கு முன்பே, "மாத்திரைத் தலைவலிதான். நிறுத்து!" என்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு மாத்திரை போட்டவனுக்கும் அதே தீர்ப்பு. நாலு வகை போய் இப்போது ஒரே வகை ஆகிவிட்டது.

ஆனால் வீட்டில் வேறு மாதிரி. போன மாதம் ஒரு கல்யாணத்தில் லோகநாயகியைப் பார்த்தேன். "இப்ப தலை வலிக்குதுன்னு சொல்லிடறேன் தம்பி," என்றார். "சொன்னா எந்தப் பக்கம்னு கேக்கறாரு. அப்புறம் லைட்ட அமத்திட்டு, குக்கரையும் எறக்கி வெச்சுட்டு, வெளிய போயி உக்காந்துக்கறாரு. வாயத் தொறக்கறதில்ல. அதுக்கு அவரு படற பாடு இருக்குதே, என் தலைவலியே பரவால்ல."

இதெல்லாம் யாரோ ஒரு தமிழ்மணியைப் பற்றி என்று நீங்கள் நிம்மதியாகப் படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். சரி, ஒரு கேள்வி. முதல் பத்தியிலேயே எனக்குத் தலைவலி என்று சொன்னேன், வலது பக்கம் என்றும் சொன்னேன், நினைவிருக்கிறதா? அப்போது உங்கள் மனதில் வந்தது என்ன? எப்போதிலிருந்து என்று கேட்கத் தோன்றியதா? இல்லை, சுக்குக் காபி என்றா, கண் டெஸ்ட் என்றா, வெயிலில் அலைந்திருப்பான் என்றா? முன்பு உங்களுக்கே இதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது ஞாபகத்துக்கு வந்ததா? உங்கள் வீட்டில் தலைவலியே இல்லை என்கிறீர்களா? நல்லது. எதற்கும் இன்று வீட்டுக்குப் போனதும் எந்த அறையில் லைட் அணைந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது பெட்டியில் அவருக்கு எதிரே இன்னொரு வைத்தியருக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கையில் கர்ச்சீப் இருந்தால் போட்டு வைக்கலாம்.